குழு கண்டுபிடித்த கணவர்

தொலைபேசி நிலையத்தில் பெண்களை வேலைக்கு எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள். கை நீளமாக இருக்க வேண்டும். குரல் தணிவாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. முதல் இரண்டும் இயற்கை கொடுத்தவை என்பதால் அவற்றை ஒருமுறை சோதித்ததோடு விட்டுவிட்டார்கள். மூன்றாவது எந்த ஞாயிற்றுக்கிழமையும் மாறிவிடக்கூடியது. ஆகவே மாதம் பிறந்தால் முதல் தேதி ஒவ்வொரு பெண்ணும் 'நான் இன்றுவரை யாருக்கும் மனைவி இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்று நீல நிறத்தில் படிவம் அச்சடித்து வைத்திருந்தார்கள்.

இந்தக் கதைக்குரிய பெண் ஏழாம் பலகையில் உட்கார்ந்தாள். நிலையத்துக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. பெயர் தெரிந்தால் சந்தாதாரர்கள் பெயர் சொல்லிப் பேசுவார்கள், பெயர் சொல்லிப் பேசினால் நலம் விசாரிப்பார்கள், நலம் விசாரித்தால் இணைப்பு தாமதமாகும் என்று நிர்வாகம் யோசித்து வைத்திருந்தது. எனவே அவள் ஏழு. பக்கத்தில் ஒருபுறம் ஆறு, மறுபுறம் எட்டு. மொத்தம் பன்னிரண்டு பலகைகள், பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு பெண்கள். ஊரில் யாராவது வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால், பலகையில் அவருடைய துளைக்கு மேலிருக்கும் சின்னத் தகடு டக்கென்று விழும். ஏழு ஒரு கயிற்றை அந்தத் துளையில் சொருகி, "எந்த எண் வேண்டும்?" என்று கேட்பாள். எண்ணைச் சொன்னதும் ஜோடிக் கயிற்றை அந்த எண்ணின் துளையில் சொருகுவாள். அவ்வளவுதான் வேலை. அதைச் செய்ய நாற்பத்தாறு விதிகள் இருந்தன.

அவள் வேலைக்குச் சேர்ந்ததே ஒரு தையல்காரர் புண்ணியத்தில். நிலையத்துக்குச் சீருடை தைப்பவர் அவர். கை அளக்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டிருந்தார்கள். அவளுக்கு அரை அங்குலம் போதவில்லை. தையல்காரர் நாடாவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி நாடாவைப் பார்க்காமலே "சரியா இருக்கு" என்று சொன்னார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனாள். அடுத்த முதல் தேதி நீலப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. மூன்றாவது மாதம் நடுங்கவில்லை.

வேலையை விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஊரில் யார் யாருடன் பேச வேண்டுமானாலும் அவள் கை நீட்டினால்தான் உண்டு. வாயாடி என்று சொல்லி அவளை பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்த தலைமையாசிரியர்கூட, இப்போது அவள் கயிற்றைச் சொருகினால்தான் வாய் திறக்க முடியும்.

வீட்டில் மாமியார் அவள் பக்கம். கணவனை இழந்து பதினோரு வருடமாக வீட்டையும் தையல் கடையையும் தனியாகக் கட்டி இழுத்தவர். அக்கம்பக்கத்தில் மருமகளைத் தன் அக்கா மகள் என்றும், வேலைக்காக வந்து தங்கியிருக்கிறாள் என்றும் சொல்லி வைத்திருந்தார். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் விடவில்லை.

"உங்க அக்கா பொண்ணு உங்க பையனோட ரொம்பத்தான் சிரிச்சு சிரிச்சுப் பேசுது."

"பேசறதுதானே அதுக்கு வேலை. வீட்டுக்கு வந்தாலும் நிறுத்த முடியலை பாவம்" என்றார் மாமியார்.

இப்படி எட்டு மாதம் ஓடியது. அப்புறம் அந்தப் பெருமூச்சு வந்தது.

மாவு மில் முதலாளி நிலையத்தின் மூன்றாவது சந்தாதாரர். ஒரு மதியம் அவர் ஒரே எண்ணை ஐந்து முறை கேட்டார். ஐந்து முறையும் அந்த எண் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. ஐந்தாவது முறை ஏழு, "அந்த எண் பேசிக்கொண்டிருக்கிறது" என்று விதிப்படிதான் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் அவளை அறியாமல் ஒரு மூச்சு விட்டுவிட்டாள். அது நீளமான மூச்சு.

மறுநாள் மில் முதலாளியின் கடிதம் பொது மேலாளர் மேஜைக்கு வந்தது. 'என் காதில் விழுந்த பெருமூச்சு எனக்கு நன்கு பழக்கமான பெருமூச்சு. இருபத்தாறு ஆண்டுகளாகத் தினமும் கேட்டுவருகிறேன். இதைக் கல்யாணமான பெண்ணால் மட்டுமே விட முடியும். அப்படிப்பட்ட ஒருத்தி உங்கள் நிலையத்துக்குள் புகுந்திருக்கிறாள். எந்தப் பலகை என்று தெரியவில்லை. கண்டுபிடிக்கவும்.'

பொது மேலாளர் பன்னிரண்டு பேரையும் கூடத்தில் நிற்கவைத்துப் பேசினார். நல்ல மனிதர். பேசுவதற்கு முன் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், பேசி முடித்ததும் நெற்றியைத் துடைப்பார்.

"ஒரு சந்தாதாரர் போனை எதுக்கு எடுக்கறார்? ஒரு பொண்ணு தான் சொன்னதை மறுபேச்சில்லாம செய்யணும்னுதான் எடுக்கறார். அது வீட்டிலயே கிடைச்சிருந்தா அவர் போனுக்கு மனு போட்டிருக்கவே மாட்டார். நம்ம நிலையம் நிக்கறதே அந்த அஸ்திவாரத்து மேலதான். கல்யாணமான பொண்ணு 'எந்த எண் வேண்டும்'னு கேட்டா, 'இந்நேரத்துக்கு யாருக்குப் பேசப் போறீங்க'ன்னு கேக்கற மாதிரியே இருக்கும். எனக்கு அது தெரியும். அதனால குரல் பரிசோதனைக் குழு ஒண்ணு அமைச்சிருக்கேன். உங்க குரலே உங்களைக் காட்டிக் குடுத்துடும்."

இடைவேளையில் ஓய்வறைக்குள் நுழைந்ததும் ஏழு ஐந்தாம் பலகைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெருமூச்சு விட்டது நான்தான்."

"விட்டா விட்டே. அதுக்கு ஏன் முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

ஐந்து எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "எத்தனை மாசம்?"

"எட்டு."

"எனக்கு மூணு வருஷம்."

மூலையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஒன்பது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் பள்ளிக்கூடம் போறான். மெதுவாப் பேசுங்க."

கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்ததில் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மீதி நாலு பேரில் எல்லாரையும்விடச் சின்னவளான இரண்டாம் பலகைக்காரி விசும்ப ஆரம்பித்தாள்.

"உங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. பொய் சொல்லிப் பழகியிருக்கீங்க. எனக்கு ஆகலைங்கறதை நான் எப்படி நிரூபிப்பேன்?"

ஒன்பது கழுவிய டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

சந்தேகத்துக்கே இடமில்லாத ஒருவர் அந்தக் கட்டடத்தில் இருந்தார் என்றால் அது கண்காணிப்பு அம்மாள். பதினாலு வருடமாக ரப்பர் செருப்புடன் சத்தமில்லாமல் நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பவர். நாற்பத்தாறு விதிகளும் மனப்பாடம். முதுகு வளைந்தால் தொடுவார், கால்மேல் கால் போட்டால் இருமுவார். நிலையத்துக்கு எதிரில் ஒற்றை அறையில் குடியிருந்தார். மாதா மாதம் நீலப் படிவத்தை முதலில் நிரப்புவது அவர்தான். அதுவும் முத்து முத்தான கையெழுத்தில்.

பரிசோதனை நாளன்று கூடத்தின் நடுவில் திரை கட்டினார்கள். திரையைத் தைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மாட்டும்போது ஒரு பக்கத்து ஆணி பிடுங்கிக்கொண்டதால், நம் தையல்காரர் முக்காலி மேல் ஏறி, திரைக் கம்பியைக் கையில் தாங்கியபடி கடைசிவரை நிற்க வேண்டியதாயிற்று. திரைக்கு இந்தப் பக்கம் குழு. பொது மேலாளர் தலைவர். நிறுத்து கடிகாரத்தோடு காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர். மூன்றாமவர் மாவு மில் முதலாளி; நியமன உத்தரவில் அவரை 'அனுபவ உறுப்பினர்' என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

டாக்டர் ஒரு நிபந்தனை விதித்தார். ஒப்பிட்டுப் பார்க்கக் கல்யாணமான குரல் ஒன்று வேண்டும், அதையும் சொல்லாமல் மற்றவர்களோடு கலந்துவிட வேண்டும் என்றார். பொது மேலாளரின் மனைவி வர மறுத்துவிட்டார். டாக்டர் பிரம்மசாரி. ஆகவே மில் முதலாளியின் மனைவி வந்து, மடியில் கைப்பையோடு, திரைக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்தார்.

எப்படிப் பேச வேண்டும் என்று பெண்களுக்குக் காட்டுவதற்காகக் கண்காணிப்பு அம்மாள் முதலில் தானே திரைக்குப் பின்னால் நின்று சொன்னார். "எந்த எண் வேண்டும்?"

மில் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். "இதுதான். சந்தேகமே இல்லை. இதைக் கேட்டதும் எங்க போயிட்டு வரேன்னு நானாவே சொல்லிடலாம்போல இருக்கு."

"'வேண்டும்'ங்கற சொல்லுல ஒரு அழுத்தம் இருக்கு. குறைஞ்சது மூணு குழந்தைங்க" என்றார் டாக்டர்.

பொது மேலாளருக்கும் வியர்த்திருந்தது. 'முதல் குரல்: திருமணமானது, ஒருமனதாக' என்று எழுதினார்.

அடுத்தடுத்து மற்றவர்கள் வந்தார்கள். ஒன்பது பேசியபோது, "குழந்தைத்தனம் மாறாத குரல்" என்றார் டாக்டர். ஏழின் முறை வந்தது. அண்ணாந்து பார்த்தால் முக்காலி மேல் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். அவள் பேசியதும் திரைக் கம்பி கடகடவென்று ஆடியது.

"பயந்து பேசுது. கல்யாணமானவ எதுக்குப் பயப்படப் போறா? இது ஆகாத குரல்" என்றார் மில் முதலாளி. ஏழு தப்பித்தாள். உண்மையாகவே கல்யாணமாகாத இரண்டாம் பலகைக்காரி மட்டும் அழுகையில் பேச முடியாமல் பெருமூச்சு விட்டுவிட, குழு அவள் விஷயத்தில் கால் மணி நேரம் விவாதித்து, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அவளை விட்டுவிட்டது.

கடைசியாகப் பதினாலாவது குரல் கேட்டது. மென்மையாக, அவசரமில்லாமல், கடைசி எழுத்துவரை தேய்ந்துபோகாமல் வந்தது. மில் முதலாளி கண்களை மூடிக்கொண்டார்.

"இந்த மாதிரி ஒரு குரலை என் வாழ்நாள்ல கேட்டதில்லை. இதுல ஒரு குறை இல்லை, ஒரு கேள்வி இல்லை. கன்னிக் குரல்னா இதுதான். யாரா இருந்தாலும் இந்தப் பொண்ணுக்கு என் சிபாரிசு."

அதையும் ஒருமனதாக எழுதினார்கள். அறிக்கையில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, மூன்று பிரதிகளிலும் அரக்கு முத்திரை வைத்த பிறகு திரையை விலக்கினார்கள். முதல் குரல் இருந்த இடத்தில் கண்காணிப்பு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பதினாலாவது குரல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தது.

"கல்யாணமானதுலேர்ந்து நான் ஒரு வாக்கியத்தை முடிக்கற வரைக்கும் நீங்க கேட்டது இன்னிக்குத்தான்" என்று கணவரிடம் சொன்னார். பிறகு பொது மேலாளரிடம், "எனக்கு வேலை எப்ப ஆரம்பம்?" என்றார்.

டாக்டர் நிறுத்து கடிகாரத்தை நிறுத்தினார். அறிக்கையைக் கிழித்துவிடலாமா என்று மில் முதலாளி தணிந்த குரலில் கேட்டார். பொது மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"முத்திரை வெச்சாச்சுங்க. குழு ஒருமனதா முடிவெடுத்த பிறகு உண்மை தாமதமா வந்து நின்னா, அதுக்கு நிர்வாகம் பொறுப்பில்லை."

அப்படியாக மில் முதலாளியின் மனைவி அடுத்த திங்கட்கிழமை பதிமூன்றாம் பலகையில் வேலைக்குச் சேர்ந்தார். மில் முதலாளி அன்றிலிருந்து போனைத் தொடாமல் கடிதம் எழுத ஆரம்பித்தார். கண்காணிப்பு அம்மாளுக்கு நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளைக்குள் கணவர் பெயரைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கணவரை மறைத்த குற்றத்துக்காக வேலை போகும். தெரிவித்தால் கணவர் இருக்கும் குற்றத்துக்காக வேலை போகும்.

"எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. பதினாலு வருஷமா எழுதிக் குடுத்திருக்கேன்."

"எல்லாரும்தான் எழுதிக் குடுக்கறாங்க. அதையெல்லாம் நம்பற மாதிரி இருந்தா குழு எதுக்கு? நீங்க வேணும்னா உங்க நினைவுல நல்லாத் தேடிப் பாருங்க" என்றார் பொது மேலாளர் பரிவோடு.

ஏழுக்கு அந்த வாரம் முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. மூச்சு விட்டது அவள். மாட்டிக்கொண்டது வேறொருவர். அதிலும் எட்டுப் பொய்யர்களுக்கு நடுவில் பொய்யே சொல்லாதவர்.

பத்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஏழுக்கு அன்று விடுப்பு. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். மடித்த சீருடையைக் கையில் ஏந்தியபடி கண்காணிப்பு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து போகிறவர்கள் சீருடையைத் தையல்காரரிடம் கொடுத்து, பொத்தான்கள் சரியாக இருக்கின்றன என்று எழுதி வாங்க வேண்டும் என்பது நாற்பதாம் விதி. நோட்டீஸ் கெடு முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அம்மாள் எதையும் கடைசி நாள்வரை வைத்துக்கொள்கிறவர் இல்லை.

அம்மாள் ஏழாம் பலகைக்காரியைப் பார்த்தார். ஏழுக்குப் பின்னால் சுவரில், அன்று திருப்பிவைக்க மறந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து நின்ற தையல்காரரைப் பார்த்தார். போட்டோவை மறுபடியும் பார்த்தார்.

"உள்ள வாங்கம்மா" என்றாள் ஏழு.

அம்மாள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மாமியார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஏழு எதையும் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தையும் பெருமூச்சையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். "நாளைக்கே நான் போய் எழுதிக் குடுத்துடறேன்மா. நீங்க போக வேண்டாம்."

"விதிப்படி பார்த்தா உன்னைப் பத்தி நான்தான் எழுதிக் குடுக்கணும்." அம்மாள் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "ஆனா என்னால முடியாது. நான் குழுவே சொன்ன கல்யாணமானவ. கல்யாணமானவங்க குடுக்கற புகாரை ஏத்துக்கக் கூடாதுன்னு பத்தொன்பதாம் விதி."

"நானே போய்ச் சொல்றேனே."

"நம்ப மாட்டாங்க. உன் குரல் கன்னிக் குரல்னு முத்திரை வெச்சிருக்கு." டம்ளரிலிருந்த தண்ணீர் மடியில் இருந்த சீருடையில் சிந்தியது. "அந்த நாற்காலிங்களுக்குப் பின்னால நடக்கறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா. காலைல எழுந்து நான் எங்க போவேன்?"

தையல்காரர் சீருடையை வாங்கிப் பொத்தான்களை எண்ணுவதுபோல் திரும்பி நின்றுகொண்டார். ஏழு முக்காலியை இழுத்துப் போட்டு அம்மாள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, புருஷனை இழந்தவங்களைப் பத்தி ஏதாவது விதி இருக்கா?"

"விதி முப்பத்தொன்று" என்றார் அம்மாள், தூங்கினாலும் சொல்லக்கூடிய குரலில். "கணவரை இழந்தவர்கள் பணிக்குத் தகுதியானவர்கள். வீட்டில் வாதாட ஆள் இல்லாத காரணத்தால் அவர்கள் குரல் நாளடைவில் பழைய மென்மையை அடைகிறது."

"அப்போ குழு கண்டுபிடிச்ச உங்க புருஷன் இறந்துட்டார்னா?"

அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு வருடத்தில் விதிகளை அந்தத் திசையிலிருந்து அவர் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை.

"பேர் கேப்பாங்க. இறப்புச் சான்றிதழ் கேப்பாங்க. இல்லாத ஆளுக்கு எங்க போறது?"

அதுவரை வாயே திறக்காத மாமியார் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து வந்தார். "என் வீட்டுக்காரர் பேரை எழுதிக்கோங்க. போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. சான்றிதழ் இருக்கு. உயிரோட இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன். இப்போ அவருக்கும் ஆட்சேபணை இருக்காது, எனக்கும் இல்லை."

"அம்மா" என்றார் தையல்காரர்.

"நீ பொத்தானை எண்ணு."

மனு மறுநாளே போயிற்று. குழு கண்டுபிடித்த கணவர் உண்மைதான் என்றும், அவர் பதினோரு வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்றும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, சான்றிதழையும் இணைத்திருந்தார் கண்காணிப்பு அம்மாள். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் பொய். அதை எழுதும்போது தன் கை நடுங்கவே இல்லை என்று பிற்பாடு அவரே ஏழிடம் சொன்னார்.

பொது மேலாளர் மனுவைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். குழு சொன்னது சரியாகிவிட்டது. அறிக்கையின் ஓரத்தில் எழுதினார்: 'குற்றம் நடந்தபோது நாம் கவனிக்கவில்லை. நாம் கவனித்தபோது குற்றம் இல்லை. அம்மாள் பணியில் தொடரலாம்.' அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஊழியரின் நெருங்கிய உறவினர் இறந்தால் இரங்கல் கூட்டம் நடத்த வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எத்தனை வருடத்துக்குள் இறந்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லாப் பலகைகளிலிருந்தும் கயிறுகளைப் பிடுங்கிவிட்டு, ஊர் முழுவதும் இரண்டு நிமிடம் யாரும் யாரோடும் பேச முடியாமல் மௌன அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு பொது மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"மறைந்தவரை எனக்குத் தெரியாது. நம்ம அம்மாளுக்கே அவரைப் பத்தி அதிகம் ஞாபகம் இருக்கிற மாதிரி தெரியலை. அப்படின்னா அவர் எவ்வளவு அடக்கமான மனுஷரா இருந்திருக்கணும். மனைவி வேலையில இருந்த முதல் மூணு வருஷமும், தான் புருஷன்ங்கறதை ஒருத்தருக்கும் தெரியாம காப்பாத்தினார். போன் பண்ணித் தொந்தரவு குடுத்ததா ஒரு பதிவு இல்லை. பொறுமைசாலி. மென்மையாப் பேசறவர். புருஷன்னா இவரை மாதிரி இருக்கணும். இருக்கிற இடமே தெரியாம."

பதிமூன்றாம் பலகைக்காரர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து டாக்டர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். ஏழு கண்காணிப்பு அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாளின் கண்ணில் உண்மையாகவே நீர் நிறைந்திருந்தது. பதினாலு வருடத்தில் தன் பொருட்டு எல்லாரும் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

இரங்கல் தீர்மானத்தை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதை எங்கே மாட்டுவது என்று அம்மாளுக்குத் தெரியவில்லை. அவருடைய ஒற்றை அறையில் அதை மாட்டுவது நியாயமில்லை என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு நேரே தையல்காரர் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். ஏழு அவரைச் 'சின்ன அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஆவணப்படி அது சரியான முறைதான். நிலையத்தில் மட்டும் அவர் இருமினால் அவள் கால்மேல் போட்ட காலை இறக்கிக்கொள்வாள்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார் சுவரில் தொங்கிய தீர்மானத்தை முதல்முறையாக எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பொறுமைசாலியாம். மென்மையாப் பேசறவராம். யார் சொன்னா? குழம்புல உப்பு ஒரு கல்லு கூடினா தட்டு வாசலுக்குப் போகும். அவர் தும்மினா நாலு வீடு தள்ளிக் கேக்கும்."

கண்காணிப்பு அம்மாள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க அப்படிச் சொல்லக் கூடாதுக்கா. என்கிட்ட ஒருநாளும் அவர் அதிர்ந்து பேசினதில்லை."